பனித்துண்டுகளுக்கிடையே செல்லும்போது மட்டும் எஞ்சின் சூடேறுகிறது: காரணம் என்ன?

தென்கடல்: வணக்கம். அண்டார்க்டிக் தீபகற்பத்தின் கரையோரம் செல்வதற்கான, அலுமினிய உடல் கொண்ட 14 மீட்டர் பாய்மரப் படகு எங்களுடையது. திறந்த கடலில் எஞ்சின் மணிக்கணக்கில் ஓடினாலும் சூடேறுவதில்லை. ஆனால் லெமேர் கால்வாயைப் போன்ற குறுகலான இடங்களில், பாய்களை இறக்கிவிட்டு நொறுங்கிய பனிக்கட்டிகளுக்கிடையே மெதுவாக நகரும்போது, சற்று நேரத்திலேயே எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. இம்பெல்லரை (குளிர்விக்கும் கடல்நீரை உறிஞ்சும் பம்பின் ரப்பர் சுழலி) மாற்றியும் தெர்மோஸ்டாட்டை (வெப்பநிலைக்கேற்பக் குளிர்திரவ ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) சோதித்தும் பயனில்லை. உறையும் நிலையிலுள்ள நீரில் எஞ்சின் எப்படிச் சூடேறும்?

நங்கூரம்: நீர் போதிய அளவு குளிர்ந்திருக்கிறது; போதிய அளவு உள்ளே வரவில்லை. கடல்நீர் ஏறத்தாழ −1.8 பாகை செல்சியஸில் உறையும். அந்நிலையை ஒட்டிய நீரில் பனித்துகள் கரையாமலே உறிஞ்சப்பட்டு, வடிகட்டியில் கெட்டியாகப் படிந்துவிடும். மணி ஒலித்ததும் எஞ்சினை நிறுத்தி, உள்ளெடுப்பு வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து பாருங்கள். தாமதித்தால் பனி கரைந்து, தடயமே இருக்காது. நிறுத்துவதற்கு முன் படகைப் பாறைகளிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள்.

சுக்கான்: நண்பர் கூறுவது சரியே. பழைய இம்பெல்லரில் இதழ்கள் உடைந்திருந்தால், அத்துண்டுகள் வெப்பமாற்றியின் (எஞ்சின் குளிர்திரவத்தின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் கருவி) குழாய்வாயில் சிக்கியிருக்கக்கூடும், அதையும் பார்த்துவிடுங்கள். குளிர்வித்த கடல்நீர் புகையோடு கலந்து புகைக்குழாய் வழியாகவே வெளியேறுகிறது; அந்த நீர் குறைந்தால் குழாயின் ரப்பர் பகுதி கருகும். மணி ஒலிக்கும் முன்பே புகைவாயில் வெளியேறும் நீரைக் கவனிக்க ஒருவரை நிறுத்துவது நல்லது.

தென்கடல்: மிக்க நன்றி. வடிகட்டி முழுவதும் பனிக்குழம்பு அடைத்திருந்தது. வெப்பமாற்றி சுத்தமாக இருக்கிறது. நிரந்தரத் தீர்வு என்ன?

நங்கூரம்: படகின் உட்புறம், உள்ளெடுப்புத் துளையின் மேல் ஓர் அலுமினியப் பெட்டியைப் பற்றவைத்து, அதன் கழற்றக்கூடிய மூடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி உயர்த்துங்கள். பனி மிதப்பதால் பெட்டியின் மேற்பகுதியில் தங்கும். எஞ்சினுக்கான குழாயைக் கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் தெளிந்த நீரே வரும். அடைப்பு ஏற்பட்டாலும் மூடியைத் திறந்து, ஒரு கோலால் பனியைக் கீழே தள்ளிவிடலாம். வெப்பமாற்றியைக் கடந்த சூடான நீரில் ஒரு பங்கைப் பெட்டிக்குத் திருப்பும் கிளைக்குழாயும் வேண்டும். ஆனால் புகைக்குழாய்க்குத் தேவையான நீர் குறையாதபடி அதில் கட்டுப்பாட்டு வால்வு இருக்கட்டும். வெண்கல வால்வை அலுமினியத்தோடு நேரடியாகப் பொருத்தினால் மின்வேதி அரிப்பு உடலைத் தின்றுவிடும். கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் வால்வையே பயன்படுத்துங்கள்.

சுக்கான்: முழு மாற்றத்துக்கு வாய்ப்பிருந்தால், குளிர்திரவத்தை உடற்தகட்டை ஒட்டிய மூடிய அறையில் சுழலவிட்டு, புகையை நீரின்றி மேலே வெளியேற்றும் முறையையே நான் பரிந்துரைப்பேன். எஞ்சினுக்குக் கடல்நீரே தேவைப்படாது. ஆயினும் வெப்பமண்டலக் கடல்களுக்கும் செல்வீர்களானால், அந்த வெப்பத்துக்கு ஏற்றவாறு அறையின் பரப்பைக் கணக்கிட வேண்டும்.