கன்ட்ரோல் எலியின் தமனியே அசிடைல்கோலினுக்குத் தளரவில்லை: கம்பியா, கிரெப்ஸா?

ஹைவெல்ட்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். டர்பனில் பிஎச்டி, இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் போஸ்ட்டாக். கொழுப்புணவு கொடுத்த எலிகளின் ரத்தக்குழாய் வேலை. நான்கு சேனல் டிஎம்டி வயர் மையோகிராஃப் (தமனித் துண்டைக் கம்பியில் மாட்டி அது இழுக்கும் விசையை அளக்கும் கருவி), மெசென்டெரிக் (குடலுக்குப் போகும்) தமனியின் மூன்றாம் கிளை, 40 மைக்ரான் கம்பி, 2 மில்லிமீட்டர் துண்டு.

ஃபினைலெஃப்ரின் 10 மைக்ரோமோலார் போட்டுச் சுருக்கி, அசிடைல்கோலினை (தமனியின் உட்படலமான எண்டோதீலியம் வழியாகத் தளர்த்துவது) 10⁻⁹ முதல் 10⁻⁵ மோலார் வரை ஏற்றுகிறேன். கன்ட்ரோல் எலியிலேயே உச்சத் தளர்வு 35 முதல் 50 சதவீதம்தான். தசையை நேரடியாகத் தளர்த்தும் நைட்ரோபுரூசைடு கொடுத்தால் அடிக்கோடு வரை இறங்குகிறது. கேபிஎஸ்எஸ் (உயர் பொட்டாசியக் கரைசல்) சுருக்கம் நன்றாகவே வருகிறது. ஃபினைலெஃப்ரின் சுருக்கம் மட்டும் ஒரு நிலையில் நிற்காமல் அலை அலையாக ஆடுகிறது.

கிரெப்ஸ் (தமனியை ஊறவைக்கும் உப்புக் கரைசல்) டர்பனில் போட்ட அதே கணக்கு. லிட்டருக்கு சோடியம் குளோரைடு 6.95 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, பைகார்பனேட் 2.10, மக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 0.29, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16, குளுக்கோஸ் 0.99, ஒரு மோலார் கால்சியம் குளோரைடு 2.5 மில்லி. கார்போஜன் (ஆக்சிஜன், கரியமில வாயுக் கலவை) 95/5. எங்கே தேடுவது? கன்ட்ரோல் இப்படி இருக்கையில் கொழுப்புணவு எலியைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. அடுத்து இன்சுலின் தளர்வும் பார்க்க வேண்டியிருக்கிறது.

---

துகேலா:

தம்பி, தயங்குவது சரிதான். நைட்ரோபுரூசைடுக்கு முழுசாக இறங்குதுன்னா தசை மேல் பழியில்லை. எண்டோதீலியம் உரிஞ்சிருக்கணும், முன்சுருக்கம் அளவு மீறியிருக்கணும், இல்லேன்னா மருந்து பாழாயிருக்கணும். இதே வரிசையில் சந்தேகப்படுங்க.

எண்டோதீலியத்தை வேணும்னே நீக்கணும்னா ஆய்வகத்தில் என்ன செய்வாங்க? ஒரு தலைமுடியை உள்ளே விட்டு நாலு தடவை முன்னும் பின்னும் தேய்ப்பாங்க. அதுவே போதும். உங்க கம்பி முடியை விட மெல்லிசு, ஆனா எஃகு. தேவையான நீளத்துக்கு வெட்டும்போது நுனி கொக்கி மாதிரி வளைஞ்சா அந்தக் கம்பியைத் தூக்கிப் போடுங்க, நிமிர்த்தப் பார்க்காதீங்க. கொழுப்பைப் பிரிக்கையில் இடுக்கி தமனிச் சுவரைத் தொடவே கூடாது. பக்கத்துக் கொழுப்பைப் பிடிங்க, இல்லே வெட்டி எறியப் போகிற நுனியைப் பிடிங்க. உள்ளே சிவப்பாக ரத்தம் தெரியுதான்னு பாருங்க. உறைந்த ரத்தம் இருந்தா கம்பி அதைத் தள்ளிக்கிட்டே போய்ச் சுவரைச் சுரண்டிடும். கம்பியை அசையாமல் வச்சு, தமனியை அதன் மேல் உறை மாதிரி இழுங்க. முதல் கம்பி பெரும்பாலும் ஒழுங்கா போயிடும், காயம் படறது இரண்டாவதில். அதை முதல் கம்பியோடு ஒட்டியபடியே வழுக்கி விடணும், சாய்வாகக் குத்தக் கூடாது. திருகு முடுக்கும்போது தாடைகள் மூடியே இருக்கணும்.

அடுத்து நார்மலைசேஷன், அதாவது தமனியைச் சரியான அளவுக்கு இழுத்து வைப்பது. 13.3 கிலோபாஸ்கலுக்கு நிகரான சுற்றளவைக் கண்டு, அதில் 0.9 பங்கில் வைப்பீங்க. அந்தக் கணக்கில் சுவர் இழுவிசைங்கிறது விசையை நீளத்தின் இரு மடங்கால் வகுத்து வருவது. துண்டு உண்மையில் 1.6 மில்லிமீட்டர் இருக்க, வழக்கப்படி 2 என்று மென்பொருளில் அடிச்சிருந்தா, திரையில் 100 காட்டும்போது தமனி 125ஐத் தாங்கிக்கிட்டிருக்கும். அளவு மீறி இழுபட்ட தமனியில் எண்டோதீலியமும் அடிபடும். ஒவ்வொரு துண்டையும் கண்ணாடி அளவுகோலில் அளந்து போடுங்க. டிஎம்டியில் 2 கிராம் எடைக்கு 9.81 மில்லிநியூட்டன் வருதான்னு கேலிபிரேஷனையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

10 மைக்ரோமோலார் ஃபினைலெஃப்ரின் ரொம்ப அதிகம். அது கிட்டத்தட்ட உச்சச் சுருக்கம். அந்த இழுப்பில் நல்ல எண்டோதீலியமும் தோத்துத்தான் தெரியும். முதலில் ஃபினைலெஃப்ரின் வளைவு ஒண்ணு எடுங்க. அதில் உச்சத்தின் 70, 80 சதவீதம் தரும் அளவு எதுவோ, அந்தத் தமனிக்கு அதைக் கொடுங்க. எல்லாத் தமனிக்கும் ஒரே அளவு சரி வராது. அலை ஆடுவது எலி மெசென்டெரிக்கில் சகஜம், அது குறையில்லை. சராசரியைப் படிங்க. தொல்லையா இருந்தா யு46619க்கு (இன்னொரு சுருக்கும் மருந்து) மாறுங்க.

---

கடல்மட்டம்_625:

அக்கா சொன்னது முக்கால்வாசி. மீதிக் காலை "டர்பனில் போட்ட அதே கணக்கு" என்கிற வரியில் தேடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் 620 முதல் 630 மில்லிமீட்டர் பாதரசம். 37 டிகிரியில் நீராவி எடுத்துக்கொள்ளும் 47ஐக் கழித்தால் 578. அதில் ஐந்து சதவீதம் 28.9. டர்பனில் இதே சிலிண்டர் 35.7 தந்திருக்கும். பைகார்பனேட் 25 மில்லிமோலார் என்று வைத்து ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் (பிஎச் கணக்கிடும்) சமன்பாட்டைப் போட்டால் டர்பனில் பிஎச் 7.46, உங்களிடம் 7.55. சிலிண்டரில் ஒட்டிய சீட்டு பொய் சொல்லவில்லை. அது சதவீதம், அழுத்தம் அல்ல. ஆக்சிஜன் பற்றிக் கவலை வேண்டாம், 95 சதவீதத்தில் இன்னும் 550 இருக்கிறது.

பிஎச் ஏறினால் அட்ரினெர்ஜிக் சுருக்கத்தின் உணர்திறன் மாறும், எனவே அதே ஃபினைலெஃப்ரின் அளவு டர்பன் வளைவில் விழுந்த இடத்தில் இங்கே விழாது. கால்சியமும் காரநிலையில் எளிதில் வீழ்படிவாகும். கிரெப்ஸில் மெல்லிய வெள்ளைப் புகை மாதிரி தெரிந்தால் அதுதான். வடிகட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், போன கால்சியம் திரும்பாது. பத்து நிமிடம் கார்போஜன் ஓட்டிய பிறகே கால்சியத்தைச் சேர்க்க வேண்டும்.

சரி செய்ய: பைகார்பனேட்டை 20 மில்லிமோலாராக, அதாவது 1.68 கிராமாகக் குறையுங்கள். குறைந்த சோடியத்துக்கு உப்பை 7.25 கிராமாக ஏற்றுங்கள். பிஎச் 7.45க்கு வரும், டர்பன் தரவோடு ஒப்பிடலாம். கேபிஎஸ்எஸ்ஸிலும் பைகார்பனேட் 20, ஈடுகட்ட 5 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி பிஎச் இறக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யாதீர்கள். பைகார்பனேட் கரியமில வாயுவாகப் போய்விடும், எவ்வளவு மிஞ்சியது என்று உங்களுக்கே தெரியாது.

இன்னொன்று. ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலம்) குளிர்காலக் காற்று வறண்டது, கார்போஜனும் உலர்ந்தது. 5 மில்லி தொட்டியில் ஒரு மணி நேர வளைவு ஓடினால் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியவே குறையும். வாயுவை வெந்நீர்க் குடுவை வழியாக விடுங்கள்.

---

ஹைவெல்ட்_புதுசு:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. பிஎச் அளந்தேன், 7.41 காட்டியது. மேஜை மேல் இருந்த பாட்டிலில்தான். எல்-நேம் (நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுப்பது) 100 மைக்ரோமோலார், இண்டோமெதசின் (புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பது) 10 மைக்ரோமோலார், 30 நிமிடம் ஊறவைத்தும் பார்த்தேன். தளர்வு 50லிருந்து 35க்குத்தான் குறைந்தது. எல்-நேம் கெட்டுப்போயிருக்குமா? தளர்வு 60க்குக் கீழே உள்ள தமனிகளைக் கழித்துவிடலாமா என்றும் யோசனை.

---

கடல்மட்டம்_625:

மேஜை மேல் அளந்தால் அப்படித்தான் காட்டும். குளிர்ந்த நீரில் கரியமில வாயு கூடுதலாகக் கரைவதால் பிஎச் குறைந்து தெரியும். தொட்டியில், 37 டிகிரியில், குமிழி ஓடிக்கொண்டிருக்கையில் அளங்கள். மின்முனையையும் அதே வெப்பநிலையில் பஃபரில் கேலிபிரேட் செய்யுங்கள்.

---

துகேலா:

எல்-நேம் கெடலை தம்பி. மூன்றாம் கிளைத் தமனியில் நைட்ரிக் ஆக்சைடு ஒரு பங்குதான். மீதி ஹைப்பர்போலரைசேஷன் வழி (தசைச் செல்லின் மின்னழுத்தம் இறங்கித் தளர்வது), அதை எல்-நேம் தொடாது. அயோர்ட்டாவில் (பெருந்தமனியில்) எல்-நேம் எல்லாத்தையும் அழிச்சுடும், அதை வச்சு இதை எதிர்பார்க்கக் கூடாது. 1980ல் ஃபர்ச்காட்டும் சவாட்ஸ்கியும் தளர்வுக்கு எண்டோதீலியம் வேணும்னு காட்டினது முயல் அயோர்ட்டாவில்தான். உங்க தமனியில் எல்-நேமோடு, அந்த வழியை அடைக்கும் அபமின் 100 நானோமோலார், டிராம்-34 ஒரு மைக்ரோமோலார் சேருங்க, மிச்சத் தளர்வும் போகணும். இல்லேன்னா உயர் பொட்டாசியத்தில் சுருக்கிப் பாருங்க. அப்போ ஹைப்பர்போலரைசேஷன் வழி அடைபடும், மிஞ்சுவது நைட்ரிக் ஆக்சைடு மட்டும். கொழுப்புணவு எதைக் கெடுக்குதுன்னு பிரிச்சுப் பார்க்கணும்னா இந்த இரண்டும் அவசியம். மொத்தத் தளர்வை மட்டும் எழுதினா கட்டுரை நிற்காது.

60க்குக் கீழே கழிக்கிறது பெரிய தப்பு. கொழுப்புணவு எலியில் நீங்க தேடுறதே குறைஞ்ச தளர்வுதானே? அதையே காரணம் காட்டி வெளியே தள்ளினா இரண்டு குழுவும் ஒண்ணு போலத்தான் வரும். கழிக்கும் விதியை கேபிஎஸ்எஸ் சுருக்கத்தில் வைங்க, எலி எந்தக் குழுன்னு தெரியாமலே வைங்க. எண்டோதீலியம் இருக்கான்னு சந்தேகம்னா அந்தத் தமனியைக் கழட்டி சிடி31 (எண்டோதீலியச் செல்லின் அடையாளப் புரதம்) சாயம் போட்டுப் பாருங்க. ஒரே எலியில் எடுத்த நாலு துண்டு என்பது n (மாதிரி எண்ணிக்கை) நாலு இல்லை, ஒண்ணு. இதை விட்டுட்டு வர்ற வரைவுகளைத் திருத்தித் திருத்திச் சலிச்சுப் போச்சு.

---

நுரைக்காரி:

இன்சுலினுக்கு வருகிறேன். அது கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். 100 பிகோமோலார் போட்டதாக நினைத்திருப்பீர்கள், தொட்டியில் அதில் பாதி கூட இருக்காது. 0.1 சதவீத ஆல்புமின் சேர்த்தால் ஒட்டாது. ஆனால் ஆல்புமினில் கார்போஜன் குமிழி விட்டால் நுரை பொங்கி, தொட்டி விளிம்பைத் தாண்டி டிரான்ஸ்டியூசர் பக்கம் வழியும். குமிழியை ஓரத்தில் மெதுவாக விடுங்கள், அல்லது மேற்பரப்பில் மட்டும் வாயு ஓடட்டும். தளர்வு சிறியது, நேரம் எடுக்கும், ஒவ்வொரு அளவுக்கும் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆல்புமின் மட்டும் போட்ட நேரக் கட்டுப்பாட்டுத் தமனி ஒன்று பக்கத்துத் தொட்டியில் ஓடாவிட்டால், ஃபினைலெஃப்ரின் தானாகச் சரிவதை இன்சுலின் தளர்வு என்று எழுதிவிடுவீர்கள். இன்சுலின் எதிர்ப்பில் தளர்த்தும் பிஐ3-கைனேஸ் வழி மங்கும், சுருக்கும் எண்டோதீலின் வழி மங்காது. எனவே தளர்வுக்குப் பதில் சுருக்கம் வந்தால் பதற வேண்டாம். எண்டோதீலின் ஏற்பி அடைப்பானோடு மறுபடி ஓட்டுங்கள்.

உணவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்புணவு சுத்திகரித்த கலவை, கன்ட்ரோலுக்கு மட்டும் சாதாரண எலித்தீவனம் என்று வைத்திருந்தால் ஒப்பீடு செல்லாது. தீவனத்தின் சோயாவில் உள்ள ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருட்களே நைட்ரிக் ஆக்சைடைத் தொடும். கொழுப்பு குறைந்த, அதே வகைச் சுத்திகரித்த கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) நேரத்தில் ஓட்டாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் யுபிஎஸ்ஸில் கணினியை மட்டும் இணைத்து, தொட்டியின் ஹீட்டரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், தமனி குளிர்ந்துகொண்டிருக்கும்.

---

ஹைவெல்ட்_புதுசு:

எங்கள் கன்ட்ரோல் தீவனம் சாதாரணத் தீவனம்தான். நாளைக்கே பேசுகிறேன். விலங்கு அனுமதி விஷயத்தில், குழுத் தலைவரிடம் எல்லாம் இருக்கிறது என்றார்கள், அது போதுமா?

---

நுரைக்காரி:

நெறிக்குழு ஒப்புதல் திட்டத்துக்கு. விலங்கின் மேல் கை வைப்பவர் கால்நடை மருத்துவர் இல்லையென்றால், தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ கவுன்சிலின் அங்கீகாரம் அவரவர் பெயரில் வேண்டும். 1984ம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தின் 20ம் பிரிவு அனுமதி தனி, அது வேளாண் துறையிடம். டர்பனில் வாங்கிய தாளை நம்பி இருக்காதீர்கள். விலங்கு மனை அதிகாரியிடம் இந்த மூன்றின் நகலையும் கேளுங்கள், உங்கள் பெயரும் செயல்முறையும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த எலியை எடுங்கள்.