எடை வெட்டுப்பட்டுப் போகுதே, அப்ப மழைக்கு ஏன் மண்சரிவு வருது?

பண்டாரவளை_ஏஎல்:
சாய்தளக் கணக்குல ஒரு டவுட். டியூஷன்ல கேட்டா சிலபஸ்ல இல்லன்னுட்டாங்க. சாய்வு 30 பாகை, உராய்வுக் குணகம் 0.6. கீழ இழுக்குறது எடை × சைன் 30, பிடிச்சு வைக்கிறது 0.6 × எடை × கொஸ் 30, ரெண்டு பக்கமும் எடை வெட்டுப்பட்டா மிச்சம் டேன் 30, அதாவது 0.577, அது 0.6ஐ விட குறைவு, அப்ப வழுக்காது. ஆனா மழையில மண்ணு தண்ணி குடிச்சு பாரமாகித்தான் சரியுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. பாரமே சமன்பாட்டுல இல்லையே? எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) மேல உள்ள மேட்டைப் பாத்துக்கிட்டே தான் கணக்கு செஞ்சேன், நான் பிழையா மலை பிழையான்னு விளங்கல.

மழைக்கோட்டு:
தண்ணி பட்டா வழுக்கும் தம்பி, சவர்க்காரம் மாதிரி. குணகம் குறையும், அவ்வளவு தான்.

நானுஓயா_சேர்:
இல்லங்க, மண் துணிக்கை நனைஞ்சாலும் குணகம் பெருசா மாறாது. தம்பி கேட்டது நல்ல கேள்வி, பாரம் மட்டும் காரணம் இல்லன்னு கண்டுபிடிச்சது சரி. மாறுறது செவ்வன் மறுதாக்கம், அதாவது சரிவுக்குச் செங்குத்தா அழுத்துறதுக்கு எதிரா வர்ற விசை. மண்ணுக்குள்ள நிக்கிற தண்ணிக்கு அமுக்கம் இருக்கு, அது துணிக்கைகளை ஒண்டுக்கொண்டு அழுத்த விடாம தாங்கிப் பிடிக்குது, வாளித் தண்ணிக்குள்ள கல்லைத் தூக்கினா லேசா இருக்கே அந்த மாதிரி. உராய்வு மிச்ச அழுத்தத்துக்கு மட்டும் தான் வரும். ஆனா கீழ இழுக்குற பக்கம் குறையாது, அங்க தான் மாட்டுது.

போட்டுப் பாரு. மண் நேர் ஆழம் 3 மீற்றர், கனமீற்றருக்கு 18 கிலோநியூட்டன் (ஈர மண், எடை மாறலன்னு வச்சுக்கோ). சரிவுல ஒரு சதுர மீற்றருக்கு எடை 3 × 18 × கொஸ் 30 = 46.8 கிலோநியூட்டன். அதுல செங்குத்தா அழுத்துறது 40.5, கீழ இழுக்குறது 23.4. உராய்வு 0.6 × 40.5 = 24.3, நிக்குது. இப்ப அடியில 1 மீற்றருக்குத் தண்ணி ஏறி சரிவுக்கு சமாந்தரமா ஓடுதுன்னா அமுக்கம் 10 × 1 × 0.75 = 7.5 (10 கனமீற்றர் தண்ணியோட எடை கிலோநியூட்டன்ல, 0.75 கொஸ் 30 இன் வர்க்கம்). மிச்சம் 33, உராய்வு 19.8 தான். போச்சு.

பண்டாரவளை_ஏஎல்:
சேர் அப்ப எவ்வளவு தண்ணி ஏறினா சரியும்னு திருப்பிப் போட்டேன், 0.2 மீற்றர் வருது, 20 சென்ரிமீற்றர்!! சரியா?

நானுஓயா_சேர்:
சரி. ஆனா வேரும் களியோட ஒட்டுத்தன்மையும் கணக்குல இல்ல, நிஜ மேடு அதை விடத் தாங்கும். அதுக்காக நம்பிக்கிட்டு இருக்காத.

பழைய_கணக்கப்பிள்ளை:
படிப்பு நமக்குத் தெரியாது, ஆனா தேயிலை மலையில கான் வெட்டி வச்சது இதுக்குத் தான், மேல வர்ற தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம ஓடணும். இப்ப பாதிக் கான் தூந்து கிடக்கு, வெட்ட ஆள் இல்ல. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பொறகு கொஞ்ச நாள் எல்லாரும் மேட்டைப் பாத்தாங்க, பொறகு மறந்துட்டாங்க. தம்பி, உங்க மேட்டுல மரம் சாஞ்சிருக்கா, வெடிப்பு இருக்கா, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கலா வருதா? அதைப் போய்ப் பாரு மொதல்ல.

பண்டாரவளை_ஏஎல்:
வெடிப்பு இல்ல ஐயா. கான் தூந்து தான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை அப்பாவோட மண்வெட்டி எடுத்துக்கிட்டுப் போறோம்.