மூணு நாள் நிறுத்தினா செல்ஃப் எடுக்கல: பழைய டீசல் ஜீப்ல பேட்டரி எங்க இறங்குது?

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு:
வணக்கம். அப்பா காலத்து டீசல் ஜீப், 2003 மாடல். மாங்காய் சீசன்ல தினமும் மண்டிக்கு ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப பூ எடுக்குற நேரம், தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்க வாரத்துல ரெண்டு நாள்தான் தோப்புக்குப் போகுது. ராத்திரி நிறுத்திட்டுக் காலையில எடுத்தா ஸ்டார்ட் ஆகுது. மூணு நாள் நின்னா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நேத்து மருந்து டிரம்மை ஏத்தி வச்சுட்டு, பக்கத்துத் தோட்டத்து ஆளுங்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதாப் போச்சு.

ஒன்றரை வருஷத்துல இது ரெண்டாவது பேட்டரி, 65 ஆம்பியர் ஹவர். கடையில சோதிச்சு, பேட்டரி நல்லா இருக்குன்னுட்டாங்க. இஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட் காட்டுது. மூணாவது பேட்டரி வாங்க இப்ப கையில காசு இல்லைங்க. சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு இருக்கு. எங்க ஆரம்பிக்கறது?

ஓசூர் வண்டிக்காரன்:
நெகட்டிவ்ல ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போட்டுடுங்க. நிறுத்தினதும் திருகி விட்டா வேலை முடிஞ்சது.

பாலக்கோடு எலக்ட்ரீஷியன்:
சுவிட்ச் போடலாம், தப்பில்ல. ஆனா கரண்ட் எங்கயோ கசியுது. அதைப் பார்க்காம மூடி வைக்க எனக்கு மனசு வராது, வயர் சூடாகி எரிஞ்ச வண்டிகளைப் பார்த்திருக்கேன்.

தம்பி, சாவியை எடுத்துடுங்க, கதவு லைட் எரியாமப் பார்த்துக்குங்க. மீட்டர்ல சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாத்துங்க. பேட்டரி நெகட்டிவ் கிளாம்பைக் கழட்டி, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மீட்டரைச் சேருங்க. அப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும். இந்த மாதிரி பழைய வண்டிக்கு 0.05 ஆம்பியருக்குள்ள வரணும். அதிகமா இருந்தா ஃபியூஸை ஒண்ணொண்ணாப் பிடுங்கி, எதுல இறங்குதுன்னு பாருங்க.

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு:
அண்ணா, 0.62 காட்டுது! ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கினதும் 0.52. மத்த ஃபியூஸ் எல்லாத்தையும் எடுத்துட்டேன், 0.50-க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. பாக்ஸே காலியா இருக்கு, அப்புறம் எது கரண்ட் குடிக்குது?

பாலக்கோடு எலக்ட்ரீஷியன்:
0.62-ன்னா மூணு நாளுக்கு 72 மணி நேரம், கிட்டத்தட்ட 45 ஆம்பியர் ஹவர் போயிடுது. 65-ல 45 போனா டீசல் இஞ்சின் எப்படிச் சுத்தும்? ஒரு ராத்திரிக்கு ஆறுதான் போகும், அதான் தினம் ஓடினப்ப உங்களுக்குத் தெரியல. உங்க பேட்டரி மேல குத்தமே இல்ல.

ஃபியூஸ் பாக்ஸ் வழியாப் போகாத வயர் ரெண்டு உண்டு: செல்ஃப் மோட்டாருக்குப் போறது, இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற டைனமோவுக்கு, அதாவது ஆல்டர்னேட்டருக்குப் போறது. எனக்கு டைனமோ மேலதான் சந்தேகம். 14.1 ஏத்துதுன்னு விட்டுடாதீங்க. சார்ஜ் நல்லா ஏத்துற டைனமோவிலயும் உள்ள ஒரு டயோடு கசியலாம். டயோடு கரண்டை ஒரு பக்கமாத்தான் விடணும். அது கெட்டா வண்டி நிக்கும்போது பேட்டரி கரண்ட் திரும்பி உள்ள போகும்.

நாளைக்கு விடியக்காலையில, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, டைனமோ பின்பக்கத்தைக் கையால தொட்டுப் பாருங்க.

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு:
அண்ணா, ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். பானெட் மேல பனித்தண்ணி நிக்குது, இஞ்சின் பிளாக் ஜில்லுனு இருக்கு. டைனமோ பின்னாடி மட்டும் வெதுவெதுப்பா இருக்கு! கை வச்சதும் எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு.

பாலக்கோடு எலக்ட்ரீஷியன்:
அதேதான். இப்ப உறுதி பண்ணிக்குங்க. முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க, இது முக்கியம். டைனமோவுக்கு வர்ற தடி வயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில பட்டா பொறி பறக்கும். நட்டைக் கழட்டி, வயர் நுனியில டேப் சுத்தி ஒதுக்கி வச்சுட்டு, மறுபடி மீட்டரைச் சேர்த்துப் பாருங்க.

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு:
0.00!

டைனமோவைக் கழட்டி கிருஷ்ணகிரிக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் டயோடு பிளேட்டை வெளியே எடுத்து என் கண்ணு முன்னாடியே சோதிச்சார். நல்ல டயோடு ஒரு பக்கம் 0.5 காட்டுச்சு, மீட்டர் முனையைத் திருப்பி வச்சா ஒண்ணும் காட்டல. ஒரே ஒரு டயோடு மட்டும் ரெண்டு பக்கமும் எண் காட்டுச்சு. பிளேட்டை மாத்தினேன், புது பேட்டரி விலையில கால் பங்குகூட ஆகல.

ஸ்டீரியோவில சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் ஒண்ணாச் சேர்த்து நேரா பேட்டரி லைன்ல குடுத்திருந்தாங்க. சிவப்பைப் பிரிச்சு, சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைனுக்கு மாத்திட்டேன். இப்ப எல்லா ஃபியூஸையும் போட்டும் 0.02தான்.

வேணும்னே அஞ்சு நாள் எடுக்காம வச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில பேட்டரி 12.5 வோல்ட், முதல் அடியிலயே பிடிச்சுக்கிச்சு. மருந்து டிரம்மோட தோப்புலதான் இருக்கேன். இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்கண்ணா, சீசன்ல ஒரு கூடை கிளிமூக்கு உங்களுக்குன்னு எடுத்து வைக்கறேன்.