ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை தமிழில் கிடைக்குமா?

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வேதபாடக் குழுவில் இப்போது பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய ரோமர் நிருபம் போகிறது. "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற வசனத்திலேயே மூன்று வாரம் நின்றுவிட்டோம். திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரை உலுக்கிய வசனம் அல்லவா! 1522இல் அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது, மனுஷன் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று சொல்லும் ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை சண்டை!

அந்த நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையை 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான் மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது. அதன் தமிழாக்கம் யாரிடமாவது இருக்கிறதா? குழுவில் பாதிப் பேர் அறுபது தாண்டிய அம்மாக்கள். ஆங்கிலத்தில் வாசித்தால் ஒட்டாது.

அப்புறம், விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் (செயல்களாலும்) மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று சொல்லும் யாக்கோபு 2:24 இதோடு எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கும் தமிழ் நூல் தெரிந்தாலும் சொல்லுங்கள். போன வாரம் ஒரு அம்மா கேட்டார், என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.