மாம்பழக் கடை க்யூஆர் கோடு: சில போனில் எடுக்கிறது, சில போனில் எடுக்கவே மாட்டேன் என்கிறது

கேள்வி: மாந்தோப்பு காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் தாண்டி பெங்களூரு ரோட்டோரத்தில் சீசனுக்கு மாம்பழக் கடை போடுகிறோம். செந்தூரா, மல்கோவா, அல்போன்சா எல்லாம் எங்கள் தோப்புப் பழம்தான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கார்க்காரர்கள். நூறு ரூபாய் நோட்டைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வம், எல்லாம் ஸ்கேன்தான்.

போன சீசனில் பேங்க்கில் கொடுத்த சாதாரண அட்டை இருந்தது. அதில் ஒரு தொந்தரவும் இல்லை. இந்தத் தடவை கடை எடுப்பாக இருக்கட்டும் என்று தம்பி ப்ளெக்ஸ் அடித்து வந்தான். கரும்பச்சைப் பின்னணி, க்யூஆர் கட்டமெல்லாம் மஞ்சள், நடுவில் பெரிதாக ஒரு செந்தூரா படம், சுற்றிலும் ஓரத்தை ஒட்டி மாவிலைத் தோரணம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என் போனில் எடுக்கிறது, தம்பி போனிலும் எடுக்கிறது. ஆனால் வருகிறவர்களில் பல பேருக்கு எடுக்கவில்லை. போனை முன்னே பின்னே ஆட்டிப் பார்த்துவிட்டு, “நெட் இல்லை போல” என்று பையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எடை போட்டுக் கட்டிய பழம்!

பழைய அட்டையைத் தேடி எடுத்து மூங்கில் கம்பத்தில் சுற்றிக் கட்டினேன். அதுவும் இப்போது சரியாக எடுக்கவில்லை. உச்சி வெயிலில் ரொம்ப மோசம். இது சிக்னல் கோளாறா, அவர்கள் போன் கோளாறா, ப்ளெக்ஸ் கோளாறா?

பதில் 1: காரிமங்கலம் வண்டிக்காரன்

கேமரா கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க அண்ணா. நம்ம ரோட்டுப் புழுதிக்கு பாதி பிரச்சினை அதிலேயே போகும். சாயங்காலம் இருட்டினால் ஸ்கேனரிலேயே டார்ச் பட்டன் இருக்கும்.

பதில் 2: ஓசூர் ஸ்டோர்ஸ்

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். நாள் முழுக்க பெட்டி பெட்டியாக க்யூஆர் ஸ்கேன் பண்ணுவதுதான் வேலை. தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, கோளாறு ப்ளெக்ஸில்தான்.

முதலில் சிக்னல். கோடைப் படிக்க நெட்டே வேண்டாம், பணம் அனுப்பத்தான் வேண்டும். சந்தேகமாக இருந்தால் டேட்டாவை அணைத்துவிட்டு போனின் சாதாரண கேமராவைக் காட்டுங்கள். கோடு நல்ல கோடு என்றால் அப்போதும் லிங்க் மாதிரி ஏதாவது திரையில் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் படிக்கவே முடியவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கோடு பிறந்ததே எங்கள் மாதிரி இடத்தில்தான். 1994இல் ஜப்பானில் டென்சோ கம்பெனியில் மசாஹிரோ ஹாரா என்பவரும் அவர் குழுவும் கார் பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது. மூன்று மூலையில் பெரிய சதுரம் இருக்கிறது பாருங்கள், ஸ்கேனர் முதலில் தேடுவது அதைத்தான். அதன் நடுவே எந்தப் பக்கமாக ஒரு நேர்கோடு இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதத்தில் வரும். அச்சடித்த தாள்களையும் அட்டைப் பெட்டிகளையும் அலசி, எதிலும் அதிகம் தட்டுப்படாத விகிதமாகப் பார்த்து எடுத்தார்களாம். அதனால்தான் தலைகீழாகக் காட்டினாலும் எடுக்கிறது.

உங்கள் ப்ளெக்ஸில் கட்டம் வெளுப்பு, பின்னணி இருட்டு. எல்லாம் திருப்பிப் போட்ட மாதிரி. சில ஆப் அதையும் புரட்டிப் பார்த்துப் படித்துவிடும், உங்கள் இரண்டு போனும் அந்த ரகம். மற்ற ஆப்புகள் கண்டுகொள்ளாது. வெள்ளையில் கறுப்பு, அதற்கு மேல் அழகு வேண்டாம்.

அடுத்தது மாவிலை. கோடைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு சின்னக் கட்டம் அகலத்துக்கு வெறும் வெள்ளை இருக்க வேண்டும். கோடு எங்கே முடிகிறது என்று ஸ்கேனருக்கு அப்போதுதான் தெரியும். தோரணத்தை வெளியே தள்ளுங்கள்.

நடுவில் இருக்கும் செந்தூரா படமும் கொஞ்சம் பேராசைதான். எண்ணெய்க் கறை பட்டாலும் கிழிந்தாலும் படிக்கிற மாதிரி கோடுக்குள்ளேயே உபரித் தகவல் வைத்திருப்பார்கள். நான்கு அளவில் வரும்: சுமார் 7, 15, 25, 30 சதவீதம் வரை போனாலும் மீட்டுக்கொள்ளும். நடுவில் படம் வைத்தால் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம். அப்புறம் மழைத்தண்ணி, பழப்பால், கிழிசல் எதற்கும் மிச்சம் இருக்காது.

பழைய அட்டைக்குக் காரணம் வேறு. கம்பத்தில் வளைத்துக் கட்டியதில் ஓரக் கட்டமெல்லாம் ஒடுங்கித் தெரியும். மேலே லேமினேஷன் வேறு, வெயில் பட்டுக் கண் கூசும். தட்டையான பலகையில் ஒட்டி, நிழலில் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வையுங்கள்.

மாந்தோப்பு காவேரிப்பட்டணம்

தம்பியும் பக்கத்தில் இருந்து படித்தான், முகம் கொஞ்சம் சுருங்கியது. இன்னொன்று கேட்கணும். சில பேர் காரை விட்டு இறங்குவதே இல்லை. கண்ணாடியை இறக்கி அங்கிருந்தே போனை நீட்டுகிறார்கள். அதற்கு எவ்வளவு பெரிசாக அடிக்கணும்? பழைய அட்டையின் ஓரம் வெளுத்திருக்கிறது, புதுசுக்கு பேங்க்குக்கே போகணுமா?

பதில் 3: போச்சம்பள்ளி சந்தை ஜவுளி

சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க தம்பி. நான் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் துணிக்கடை போடுகிறேன். தினமும் கடை திறந்ததும் உங்க கோடை உங்க போனிலேயே ஒரு தடவை ஸ்கேன் பண்ணி, உங்க பெயர்தான் வருகிறதா பாருங்க. மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். ராத்திரி ரோட்டோரத்தில் போர்டை விட்டுப் போகாதீங்க. கொடுக்கிறவரிடமும் “என்ன பெயர் வருதுங்க” என்று கேட்டுவிட்டுத்தான் நான் கவரை நீட்டுவேன்.

பணம் போயிடுச்சு என்று அவர்கள் திரையைக் காட்டினால் நம்ப வேண்டாம், அந்த மாதிரி படம் காட்டவே போலி ஆப் உண்டு. நம்ம சவுண்ட் பாக்ஸ் சொல்லணும், இல்லை நம்ம போனில் வரணும். இன்னொன்று, “மொத்தமா ரெண்டு டன் வேணும், அட்வான்ஸ் அனுப்பறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்று சீசன் நேரத்தில் வாட்ஸப்பில் எவனாவது வருவான். பணம் வாங்க நாம ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிக்கணும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் கை மாறிக்கிட்டே போயிடும்.

ஓசூர் ஸ்டோர்ஸ்

அக்கா சொன்னது எல்லாம் சரி.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு: நிற்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். மேஜைமேல் வைக்கிற அட்டை 8 செ.மீ. இருந்தால் முக்கால் மீட்டரில் எடுக்கும். கார் ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் என்றால் 20 செ.மீ. வேண்டும், வெள்ளை ஓரம் தனி. பெரிசு ஒன்று ரோட்டுப் பக்கம், சின்னது ஒன்று தராசுப் பக்கம் வையுங்கள்.

பேங்க்குக்கு அலைய வேண்டாம். சவுண்ட் பாக்ஸ் அந்தப் பழைய கோடோடு சேர்ந்தது என்றால் அதையே அந்த ஆப்பிலிருந்து திரும்ப இறக்கி அடியுங்கள். அந்தக் கோடுக்குள் இருப்பது உங்கள் யூபிஐ முகவரியும் பெயரும் மாதிரி சில விவரம்தான், எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். ஆனால் பழைய அட்டையை போட்டோ எடுத்து அதைப் பெரிதாக்கிக் கொடுக்காதீர்கள், ஓரமெல்லாம் மங்கிவிடும். ஆப் தருகிற ஃபைலையே கொடுத்து, பளபளப்பு இல்லாத மேட் லேமினேஷன் கேளுங்கள். அடித்து முடித்ததும் கடையிலேயே பழைய போன் ஒன்று, புதுப் போன் ஒன்றில் காட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மாவிலையும் செந்தூராவும் போர்டின் மேல் பாதியில் தாராளமாக இருக்கட்டும். தம்பி டிசைன் வீணாக வேண்டாம்.