மொட்டை மாடிக்குப் போன நோக்கியா

காஞ்சிபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்ப நாட்களில் மேஜைக்கு வரும் பத்து போனில் ஏழெட்டு நோக்கியாதான், அதிலும் பாதி 1100 மாடல். 2003-இல் வந்த போன். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. ராத்திரி மோட்டார் போடப் போகும் விவசாயிகள், "டார்ச் எரிஞ்சா போதும்ணே" என்று கொண்டுவந்து வைப்பார்கள். முன்மூடியைக் கழற்றினால் ரப்பர் கீபேடு ஒரே துண்டாகக் கையோடு வரும். கழுவி, போர்டைப் பிரஷ்ஷால் துடைத்து, குண்டு பல்பின் சூட்டில் காயவைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் போன் ஆலை ஓடத் தொடங்கியதும் எங்கள் தெருப் பெண்கள் சிலர் ஷிப்ட் பஸ் ஏறினார்கள். பேக்கிங்கில் இருந்த ஒரு தங்கச்சி ஒருநாள் என் மேஜையைப் பார்த்துவிட்டு, "நாங்க மூடி அனுப்புறோம், நீங்க திறந்து போட்டிருக்கீங்களேண்ணே" என்றது.

2013 செப்டம்பரில் போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 544 கோடி யூரோ. 2014 ஏப்ரலில் கைமாறியது. வரி வழக்கால் நம்மூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. நோக்கியா கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு வேறு கம்பெனி அதே பெயரில் போன் விட்டபோதும் அந்த எண்ணம் மாறவில்லை.

போன வருடம் எங்கள் கட்டட மாடி டவருக்கு 5ஜி சாமான் வந்தது. கயிறு கட்டி ஏற்ற நின்ற பெட்டியில் 'நோக்கியா' என்று எழுத்து. சட்டென்று கிட்டே போய்விட்டேன். அலுமினியம், முதுகு முழுக்கச் சூடு இறங்குவதற்கான தகடுகள், நல்ல கனம். "பழுதானா திறப்பீங்களா தம்பி?" என்றேன். "திறக்க மாட்டோம்ணே, கழட்டிட்டு வேற மாட்டுவோம்."

அப்புறம்தான் தேடிப் படித்தேன். போனை விற்பதாக அறிவித்த அதே 2013-இல், டவர் சாமான் செய்யும் நெட்வொர்க் தொழிலில் கூட்டாளியான ஜெர்மன் கம்பெனி சீமென்ஸ் வைத்திருந்த பாதிப் பங்கை வாங்கி, அதை முழுசாகத் தன் கைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2016-இல் அதே தொழிலில் இருந்த அல்காடெல்-லூசென்ட் கம்பெனியும் சேர்ந்தது. நமக்குப் பக்கத்திலேயே, ஒரகடத்தில், டவர் சாமான் செய்கிறார்கள். போன் ஆலை நின்ற பிறகும் இந்த ஆலை ஓடியிருக்கிறது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போனதே என்று மனசு கேட்கவில்லை.

அந்தத் தங்கச்சி பையனின் போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்தபோது சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது:

"பேக்கிங் எப்படி இருந்துச்சுண்ணே?"