பன்னி ரூபாய்: ஃபைனா, ஏயூவா? (தண்டையார்பேட்டை காசு குரூப்)

சதீஷ்: பாய், 1911 பன்னி ரூபாய் ரெண்டு பாத்துவச்சிருக்கேன். ஒண்ணு ஃபைன், அதாவது நல்லா தேஞ்ச தரம். இன்னொண்ணு ஏயூ, கிட்டத்தட்ட தேயாததுன்னு கடைக்காரர் சொல்றாரு, மூணு மடங்கு விலை. எத எடுக்கட்டும்?

காதர் பாய்: ஃபைன் வேணாம்பா.

சதீஷ்: அசல்தான் பாய், தேதி நல்லா தெரியுது.

காதர் பாய்: தேதிக்கா அந்தக் காசு வாங்குறோம்? அஞ்சாம் ஜார்ஜ் ராஜா அங்கியில கீற யானைக்குத்தான். தும்பிக்கை குட்டையா பன்னி மாதிரி தெரியுதுன்னு ஜனங்க சண்டைக்கு வந்தாங்க, 1912ல யானைய மாத்திட்டாங்க. அடிச்சது 94 லட்சம், வெளிய விட்டது 7 லட்சம்தான். மீதி உருக்குறதுக்குப் போயிடுச்சு. ஃபைன்ல அந்த யானை தேஞ்சி வெறும் மேடாத்தான் இருக்கும்.

மேரி அக்கா: விஎஃப்புக்கு (ஃபைனுக்கு அடுத்த மேல் தரம்) கீழ இறங்காத சதீஷ். தும்பிக்கையும் காலும் பிரிஞ்சி தெரியணும். அதுக்கும் மேல, ஏயூவுக்குக் கீழ இருக்குற எக்ஸ்எஃப் கிடைச்சா இன்னும் நல்லது.

பாலு: நம்ம மெட்ராஸ் தங்கசாலையில அடிச்சதா இது 😄

காதர் பாய்: தங்கசாலைய 1869லயே மூடியாச்சு பாலு. இது கல்கத்தா, பம்பாய். பின்பக்கம் அடியில தாமரைக்குக் கீழ சின்னப் புள்ளி இருந்தா பம்பாய். இல்லன்னா கல்கத்தா.

மேரி அக்கா: சதீஷ், அந்த ஏயூ போட்டோ போடு.

சதீஷ்: [படம்] [படம்]

மேரி அக்கா: இது ஏயூ இல்லப்பா. கிரீடத்துல, புருவத்துல, காதுல தேய்மானம் தெரியுது. ஆனா தளம், அதாவது படமும் எழுத்தும் இல்லாத வெறும் இடம் மட்டும் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னுது. தேய்ச்சிருக்காங்க. ONE RUPEEன்றத பெருசு பண்ணிப் பாரு, எழுத்து இடுக்குல வெள்ளையா நிக்குதே, திருநீறு.

சதீஷ்: அய்யோ. நேர்ல எப்படிக்கா கண்டுபிடிக்கறது?

மேரி அக்கா: ஒரே ஒரு லைட்டு. அதுக்குக் கீழ ஓரத்தப் புடிச்சி மெதுவா சாய்ச்சிச் சுத்து. அச்சுப் பளபளப்பு இருந்தா வெளிச்சம் சக்கரத்து ஆரக்கால் மாதிரி கூடவே சுத்தும். பாலிஷ் போட்டதுல ஒரே இடத்துல பளிச்சுன்னு அடிச்சிட்டு நின்னுடும். 10 மடங்கு லென்ஸ்ல பாத்தா முடி மாதிரி கீறல், எல்லாம் ஒரே திசையில ஓடும்.

காதர் பாய்: விளிம்பையும் பாரு. காசுமாலையில இருந்து கழட்டுனதுன்னா வளையம் பத்தவச்ச தடம் ராஜா தலைக்கு மேல இருக்கும். அங்க விளிம்புப் பல்லு அராவி வழவழன்னு ஆகியிருக்கும். அது எக்ஸ்எஃப் முகமா இருந்தாலும் வெள்ளி விலைக்கு மேல சேத்துக் கொடுக்காத.

சதீஷ்: எடை?

காதர் பாய்: முழு எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். எக்ஸ்எஃப்புன்னா 11.6 பக்கத்துல நிக்கணும். காந்தம் ஒட்டுனா அங்கயே வச்சிட்டு வந்துடு. ஒட்டலன்றதால மட்டும் நம்பிடாத, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. இன்னொண்ணு, 1917 காசுல கடைசி 7ஐ சுரண்டி 1 ஆக்கலாம். ஆனா யானை புது யானையா இருக்கும், அது காட்டிக் குடுத்துடும். 1918 ரூபாய் ஒண்ண பக்கத்துல வச்சி யானைய ஒப்பிடு.

பாலு: பேசாம அமெரிக்காவுக்கு அனுப்பி ஸ்லாப் பண்ணிட்டா? அதான், தரம் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில மூடித் தருவாங்களே.

காதர் பாய்: நூறு வருஷம் தாண்டுன காசு 1972 சட்டப்படி தொல்பொருள். நாம வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

மேரி அக்கா: ஸ்லாப்ல ஏற்கனவே இருக்கறது கிடைச்சா தர நம்பரை மட்டும் பாக்காத. எம்எஸ்னா புழங்காத காசு, ஆனா எம்எஸ் 61ல கன்னம் முழுக்க பை உரசுன காயம் இருக்கும். அத விட சுத்தமான ஏயூ 58 கண்ணுக்கு அழகு, விலையும் கம்மி. ஸ்லாப்ல நம்பருக்குப் பதிலா டீடெயில்ஸ்னு போட்டிருந்தா காசுல ஏதோ கோளாறு, காரணமும் அதுலயே எழுதியிருக்கும்.

சதீஷ்: அப்ப 1918க்கும் விஎஃப் போதுமாக்கா?

மேரி அக்கா: அது மலை மாதிரி அடிச்ச வருஷம்ப்பா. அதுல யுஎன்சிக்கு (புழங்காத தரம்) கீழ எதுக்கு?

சதீஷ்: சரிக்கா. சனிக்கிழமை இன்னொரு கடையில எக்ஸ்எஃப் ஒண்ணு பாக்கப் போறேன்.

காதர் பாய்: வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் விளிம்பும் பகல் வெளிச்சத்துல எடுத்துப் போடு. மஞ்சள் லைட்டுல எடுக்காத.